ஹாலில் மட்டும் வெளிச்சம்

"அப்பா, இன்னைக்கு நான் என் ரூம்ல படிச்சுக்கறேன்" என்று மகள் சொன்னதும், லிஃப்ட் மெக்கானிக் வாயிலிருந்த தேநீரை விழுங்க மறந்துபோனார்.

அவள் கேட்டது சொத்து இல்லை. ஒரு ட்யூப்லைட், ஒரு ஃபேன், சாத்திக்கொள்ள ஒரு கதவு.

ஆனால் அந்த வீட்டைப் பொறுத்தவரை அது அரசியல் சாசனத் திருத்தம்.

வீட்டுக்கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றே அவர் சட்டம் போட்டுவிட்டார். பொழுது சாய்ந்தால் ஹாலில் மட்டும்தான் விளக்கு, ஹாலில் மட்டும்தான் ஃபேன். கடன் முடிகிற வரை. மிச்சமாகும் காசெல்லாம் நேராக அசலில் போய் விழ வேண்டும். பாத்ரூம் போகிறவர்கள் டார்ச்சை எடுத்துக்கொள்ளலாம். டார்ச்சுக்கு அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் சார்ஜ் ஏறும்.

போனஸ் வீட்டு வாசலைப் பார்த்ததே இல்லை, வங்கியோடு திரும்பிவிடும். அவருக்கு முடி வெட்டுவது மனைவி. பின்னந்தலையில் மாதத்துக்கு ஒரு நாட்டின் வரைபடம் தெரியும்.

கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறை மீட்டரைச் சந்தேகத்தோடு தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஆள் குடியிருக்காங்களா, இல்ல நீங்க வாட்ச்மேனா?" என்று அவரிடமே கேட்டார். மெக்கானிக் அதை விருதாக எடுத்துக்கொண்டார்.

ஒரே விளக்கின் கீழே மூன்று பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும்.

மகள் படிப்பது பிசியோதெரபி. சத்தம் போட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். அதில் மெக்கானிக்குக்குக் கை எலும்புகள் அத்தனையும் மனப்பாடம்.

மனைவி மறுநாளுக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தங்கையோடு ஸ்பீக்கரில் பேசுவாள். அந்தத் தங்கையின் மாமியார் எந்தச் சண்டைக்கு எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்பதை மகள் நடித்தே காட்டுவாள்.

எங்கோ ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதென்று அவருக்கு போன் வந்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "கதவு சென்சார்ல தூசி அடைச்சிருக்கும், துடைக்கச் சொல்லுங்க" என்பாள்.

பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே, ட்யூப்லைட்டைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். கதவைத்தான் தாங்க முடியாது.

"இங்க என்ன குறைச்சல்?" என்றார்.

"குறைச்சலா? பரீட்சை வருதுப்பா. ஒரு பக்கம் சித்தி வீட்டுச் சண்டை, ஒரு பக்கம் உங்க குறட்டை. தோள்பட்டை எலும்பைப் பத்திக் கேள்வி வந்தா, சித்தியோட மாமியார் முகவாயைத் தோள்ல இடிச்சுக்கறதுதான் ஞாபகம் வருது."

"கடன் முடியட்டும்மா. அப்புறம் வீடு முழுக்க லைட் போட்டுக்க, யாரு வேணாங்கறா?"

"இன்னும் எவ்ளோதாம்ப்பா பாக்கி?"

"இருக்கு. கொஞ்சம் இருக்கு."

மனைவி கத்தியை நிறுத்தினாள். "விடுங்க, போகட்டும். வளர்ந்த பொண்ணுக்குன்னு ஒரு மூலை வேணாமா? அந்த ஒரு லைட்டுலதான் பேங்க் முழுகிடப்போகுதா?"

ஆட்சி கவிழ்ந்தது.

"சரி, போ" என்றார், மகளை விமானம் ஏற்றிவிட வந்தவர்போல.

அவள் போனாள். உள்ளே ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் தயங்கி எரிந்தது. ஆள் பார்த்துப் பழகாத விளக்கு, கூச்சம் இருக்கத்தானே செய்யும். கதவு சாத்திக்கொண்டது.

ஹால் திடீரென்று பெரிதாகிவிட்டது.

மனைவி தங்கையைக் கூப்பிட்டாள். நடித்துக் காட்ட ஆள் இல்லாததால் சண்டை சுவாரஸ்யப்படவில்லை, சீக்கிரமே வைத்துவிட்டாள்.

மெக்கானிக் கதவிடுக்கில் கசிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் போகிறதே என்று வயிறு எரிகிறது போலும் என மனைவி நினைத்துக்கொண்டாள். அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சும்மா இருக்க முடியாமல் தோளில் தொடங்கி எலும்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். மணிக்கட்டு வந்ததும் நின்றுவிட்டது. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

கதவு திறந்தது. விளக்கு அணைந்தது. மகள் புத்தகத்தோடும் தலையணையோடும் வந்து தன் பழைய மூலையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னடி, அதுக்குள்ள?" என்றாள் அம்மா.

"அந்த ஃபேன் கிறீச்சு கிறீச்சுங்குது. அதோட ஒரே அமைதியா வேற இருக்கு, தூக்கம் வருது."

ரெண்டும் எப்படி ஒரே அறையில் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி நறுக்கிய பீன்ஸை ஃப்ரிட்ஜில் வைக்க டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மா போகட்டும் என்று காத்திருந்த மகள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, பேங்க்ல இருந்து இன்னைக்கும் போன். நீங்க எடுக்கறதே இல்லன்னு என் நம்பருக்கு அடிக்கிறாங்க. கடன் முடிஞ்சு இவ்ளோ நாளாச்சு, பத்திரத்தை வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லும்மான்னு ஒரே புலம்பல்."

மெக்கானிக் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ என்ன சொன்னே?"

"அப்பா வெளியூர் போயிருக்கார், வர நாளாகும்னு சொல்லிட்டேன்."