எலிக்கும் கொடுக்காத மருந்து

"அன்ரி, இந்தப் போத்தலைத் திறந்தது ஆர்?"

யோகநாதன் தன் அறையிலிருந்து ஓடிவந்தான். கையிலிருந்த சின்னப் போத்தலில் பாதிக்கு மேல் காலி.

"நான்தான் தம்பி. குடிச்சுப் பாத்தனான்," என்றார் வீட்டுக்காரி இரத்தினம்மா, தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே.

அவனுடைய ஆராய்ச்சி அது. மூட்டை மூட்டையாய் வேர்ப்பட்டையை இடித்து, ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, பிரித்துப் பிரித்து எடுத்த சாறு. சீனி வருத்தமான நீரிழிவுக்கு மருந்தாகும் என்ற நம்பிக்கையில் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டவன் அவன். எண்பத்தொன்பதில் நாட்டுக் குழப்பத்தால் பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. ஆய்வுகூடத்தில் விட்டால் பாழாகிவிடும் என்று, கொழும்பு வெள்ளவத்தையில் தான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருந்தான்.

இரத்தினம்மாவுக்கும் சீனி வருத்தம்தான். அவன் இந்தச் சாற்றைப் பற்றி அளந்தபோதெல்லாம் வாயைப் பிளந்து கேட்டவர். ஆசை யாரை விட்டது!

"இதை நான் இன்னும் எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கேல்லை. நஞ்சோ மருந்தோ எனக்கே தெரியாது. உங்கட சீனியைக் குறைக்க என்ர அலுமாரிதானோ கிடைச்சது?"

"பிழைதான் தம்பி."

"பிழையில்லை அன்ரி. இதுக்குப் பேர் களவு!"

அவர் அடுத்த தேங்காய்ப் பாதியைத் துருவத் தொடங்கினார். அதுதான் அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. உடுப்புகளை அள்ளிப் பெட்டியில் திணித்துக்கொண்டு வெளியே வந்தான்.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு நளீபா மறித்தாள். "எங்க சேர், பெட்டியோட?"

"களவெடுக்கிற வீட்டில மனிசன் இருக்கேலாது."

விசயத்தைக் கேட்டதும் நளீபா தலையில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ்! காலையில நீங்க வெளிய போன பொறகு பொலிஸ் வந்தது உங்களுக்குத் தெரியாதா? வீடு வீடா செக் பண்ணினாங்க. உங்க போத்தலைக் கண்டதும், இயக்கத்து ஆக்கள் கடிக்கிற சயனைட் நஞ்சு எண்டு சொல்லித் துள்ளினாங்க. உங்களை இப்பவே தேடிப் புடிக்கணும் எண்டாங்க. அன்ரிக்கு சிங்களம் எங்க வரும்? 'பெஹெத், மாத்தயா, பெஹெத்' எண்டு கெஞ்சினா. மருந்து எண்டு அவங்க நம்பல்ல. உடனே கரண்டி கரண்டியா ஊத்தி, அவங்க கண்ணுக்கு முன்னால குடிச்சிட்டா. ஒருத்தன் கதிரையை இழுத்துப் போட்டு, சாகிறாவா எண்டு பாத்துக்கிட்டே இருந்தான். சாகல்ல எண்ட பொறகுதான் எழும்பிப் போனாங்க!"

யோகநாதன் பெட்டியைப் படியிலேயே வைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, திரும்பி உள்ளே போனான்.

"ஏன் அன்ரி என்னட்டச் சொல்லேல்லை?"

இரத்தினம்மா, பின்னால் வந்த நளீபாவை ஒரு முறை முறைத்தார்.

"சொன்னா, எனக்குக் கரைச்சல் வேண்டாமெண்டு நீங்களே வெளிக்கிட்டிடுவியள். பொலிஸ் தேடின பெடியனுக்கு வெள்ளவத்தையில வேற ஆர் அறை குடுப்பினம்? என்னைக் கள்ளி எண்டு ஏசிப்போட்டு இஞ்சையே இருப்பியள் எண்டு நினைச்சன்."