செய்தி முடிந்ததும் அடித்த மணி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றாக ஓடுகிற எதையும் சும்மா விட்டுவைக்கத் தெரியாது. என் வீட்டுக்காரி படுக்கையில் கிடந்தபோது, அவள் வெந்நீர் கேட்டுப் பொத்தானை அழுத்தினால் டிவி அந்த நொடியே நின்று மணி அடிக்கும்படி மகள் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தாள். வாசல் மணிக்கும் டிவி நிற்கிறதென்று, அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அதை மாற்றினாள்.

"இனி எதுவும் குறுக்க வராதுப்பா. எந்த மணியா இருந்தாலும் டிவில ஓடுறது முடியுற வரைக்கும் வரிசையில நிக்கும்."

"நடுவுல கூப்பிட்டது தொலைஞ்சு போனா?"

"ஒண்ணும் தொலையாது."

அன்று செய்தி முடிந்ததும் படுக்கையறை மணி அடித்தது. பொத்தான் பேட்டரி இல்லாமல் மேசை டிராயரில் கிடந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவாப்பா?"

"உங்கம்மாவா? நான் செய்தி பார்த்து முடிக்கிற வரைக்கும் அவ என்னைக்குடி காத்திருந்தா?"

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் டம்ளரில் வெந்நீர் எடுத்துக்கொண்டு அவள் அறைப் பக்கம் நடந்தேன்.