பலகையின் முதுகு

ஏழாவது ஆளும் "தெரியாது சார்" என்றதும் மேலாளர் கைக்குட்டையைத் தேடினார்.

"வாசல்ல ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிக்குது. அதைத் தாண்டித்தான் உள்ள வந்தே. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாதா?"

"சத்தியமா தெரியாது சார்." கொதிகலன்காரர் தரையைப் பார்த்தபடியே வெளியேறினார்.

அமில ஆலையின் எச்சரிக்கைகளை எல்லாம் புதிய எழுத்து வடிவத்துக்கு மாற்றுவது மேலாளரின் யோசனை. பழைய எழுத்து மெலிந்தது, நளினமானது. 'புகை பிடிக்காதே' என்பதற்குக் கீழேயே நின்று மூன்று பேர் பற்றவைப்பார்கள். புதியது தகட்டில் வெட்டி, அதன்மேல் பெயின்ட் பீய்ச்சி எடுப்பது. ஒவ்வொரு கோடும் செங்கல் தடிமன். நானூறு பீப்பாய்களில் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது.

சிக்கல் ஒன்றுதான். எழுத்தை வடிவமைத்தவன் அவர் மனைவியின் தம்பி.

முதலாளி சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "மத்தியானம் வரேன். எழுத்து தேறினா சரி. இல்லேன்னா மச்சானும் மாமாவும் சேர்ந்தே வேற இடம் பாருங்க."

சொந்தக்காரனுக்குச் சாதகம் செய்தார் என்று ஒரு பேச்சு வரக் கூடாது. அதனால் மேலாளர் ஒரு சோதனை வைத்தார். பலகையில் என்ன வாசகம் என்பது எழுதியவனுக்கு மட்டுமே தெரியும். வேலைக்கு வருகிறவர்களைக் கேட்க வேண்டும். பத்துக்கு எட்டுப் பேர் சரியாகச் சொன்னால் எழுத்து தேறியது. அவர் விடிந்ததும் பின்வாசல் வழியாக மாடிக்கு வந்தவர்தான், இன்னும் இறங்கவில்லை. ஜன்னலிலிருந்து பலகையின் முதுகு மட்டும் தெரிந்தது.

எட்டாவதாக கேன்டீன் அக்கா வந்தாள்.

"என்னைய எதுக்குத் தம்பி இதுல இழுக்கறே? நான் உண்டு, என் அடுப்பு உண்டுன்னு இருக்கறவ. அந்தப் பக்கமே நான் திரும்பலை."

அவள் போனதும் மேலாளர் மூலையில் உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தார். அவன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறுப்பு பெயின்ட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மாப்ளே, படிக்கிற மாதிரிதானே எழுதினே?"

"எழுத்தைக் கேக்கறீங்களா மாமா, வாசகத்தைக் கேக்கறீங்களா?"

"குதர்க்கம் பேசாதே. அங்கங்க பல்லு போன மாதிரி இடம் விட்டிருக்கியே, அதான் ஒருத்தருக்கும் புரியல."

"அது பாலம் மாமா. அது இல்லேன்னா தகட்டுல வெட்டும்போது எழுத்தோட வயித்துத் துண்டு கழண்டு விழுந்திரும்."

"இப்ப நம்ம வயித்துலதான் துண்டு விழப்போகுது. இந்த எழுத்துல எது போட்டாலும் சொன்னபடி கேப்பாங்கன்னு உங்க அக்காகிட்ட அளந்தியே. கேக்கறது இருக்கட்டும், முதல்ல படிக்கணுமே!"

"கேப்பாங்க மாமா."

மேலாளர் ஜன்னலுக்குப் போனார். வாசலில் நுழைகிறவர்கள் பலகைக்கு முன்னால் திடுக்கிட்டு நின்றார்கள். பிறகு சுவர்ப்பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து கடந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்து, மறுகையால் வண்டியைத் திருப்பி, நிறுத்தியிருந்த சைக்கிள்களைச் சாய்த்தார்.

பார்க்கவே சகிக்கவில்லை போலிருக்கிறது என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். மேசைக்குத் திரும்பி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

முதலாளியின் கார் வந்தது. அவர் இறங்கினார், பலகைக்கு முன்னால் நின்றார். யாருக்கும் தலை வணங்காத மனிதர். கையிலிருந்த ஃபைலை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"பலகையைப் பார்த்தீங்களா சார்?"

"எந்தப் பலகை?" முதலாளி காலரைத் தளர்த்தினார்.

மேலாளர் தாளை நீட்டினார். "என் ராஜினாமா சார். எழுத்து தேறலை. காலையிலேருந்து கேக்கறேன், ஒரு ஆள்கூடப் படிக்கலை. இப்ப நீங்களும் படிக்கலை."

முதலாளி தாளை வாங்கவில்லை. வராந்தாவை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளும் போட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் படிச்சிட்டேன்."

மேலாளருக்கு உயிர் வந்தது. "படிச்சீங்களா! என்ன சார் போட்டிருக்கு?"

முதலாளி அவர் காதருகே குனிந்தார்.

"'இதைப் படிக்காதே'ன்னு."