தொண்ணூற்றேழு டிகிரி

கம்ப்யூட்டரின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். நாலு ஸ்க்ரூவையும் மேசைமேல் வைத்தாள். உள்ளே இன்னும் கை வைக்கவில்லை.

பயமாக இருந்தது.

உள்ளே மஞ்சள் இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும்.

தண்ணீரில் குளிர்கிற கம்ப்யூட்டர் அது. குட்டித் தொட்டியிலிருந்து குழாய் வழியாக ஓடிவரும் தண்ணீர், கிராபிக்ஸ் கார்டின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கட்டப் போகிற வீட்டை முன்கூட்டியே படமாக ஓட்டிக் காட்டுவது அவள் தொழில். ஐந்து நாளாக எதுவும் ஓடவில்லை. தொடங்கினால் ஐந்தே நிமிடம். தொண்ணூற்றேழு டிகிரி. பட்டென்று அணைந்துவிடும்.

ஆயுத பூஜையிலிருந்துதான் இப்படி.

அன்று அத்தை, அவள் கணவனின் அம்மா, மாவிலையால் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வாசல் நிலைக்கு, மிக்ஸிக்கு, தன் மகனின் ஸ்கூட்டருக்கு. இந்த அறைக்கும் வந்தார்.

"உங்க மஞ்சத்தண்ணி தொட்டிக்குள்ள போயிடுச்சு. என் பொழப்பே போச்சு" என்று மறுநாள் கத்தினாள். "தெரிஞ்சேதான் ஊத்தினீங்களா?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"சத்தியமா தொட்டி பக்கம் தெளிக்கலம்மா. ஒரு பொட்டுதான் வெச்சேன்."

சாயங்காலமே அத்தை அரக்கோணத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாத்திரை டப்பாவைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

இன்று காலை அவள் கணவன் தணிகைவேல் சொன்னான்.

"பிரிச்சுப் பாரு. மஞ்சள் இருந்தா அம்மா கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா இன்னைக்கே போறோம். நீ அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்."

முதலில் தொட்டி.

அதன் கண்ணாடியில் அத்தை வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். பின்னால் தண்ணீர் தெளிவாக நின்றது. பொட்டின் நிறத்தைத்தான் இத்தனை நாளும் தண்ணீரில் பார்த்திருக்கிறாள்.

மூடியும் இறுக்கமாகவே இருந்தது.

சரி, உள்ளே எங்காவது அடைத்திருக்கும்.

குழாயைக் கழற்றித் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்தாள். குடிக்கலாம் போலிருந்தது.

கார்டின்மேல் பொருத்தியிருந்த செம்புத் தகட்டைத் தூக்கினாள். அதில் ஒரு கறைகூட இல்லை.

கீழே ஏதோ மின்னியது.

கார்டுக்கும் செம்புக்கும் நடுவே, சூட்டைக் கடத்த ஒரு பட்டை வைக்க வேண்டும். புதுப் பட்டையின்மேல் மெல்லிய கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் சூடு கடக்காது.

உரிக்கவில்லை.

வைத்தது அவள்தான். பூஜைக்கு முதல்நாள், தொழில் செய்கிற பொருளைச் சுத்தம் பண்ணணும் என்று அவளே பிரித்தாள், துடைத்தாள், பழைய பட்டையை மாற்றினாள். அத்தை பொட்டு வைக்கும்போதே அந்தத் தாள் உள்ளே இருந்தது.

"அடிப்பாவி" என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள்.

நகத்தால் தாளை உரித்தாள். தகட்டைத் திரும்பப் பூட்டினாள். தண்ணீர் ஊற்றி, குழாயில் குமிழி அடங்கும்வரை காத்திருந்தாள். வேலையைத் தொடங்கினாள்.

ஐந்து நிமிடம்.

பத்து நிமிடம்.

ஐம்பத்தெட்டு டிகிரி.

தணிகைவேல் எட்டிப் பார்த்தான்.

"என்ன, மஞ்சள்தானா?"

தாள் அவள் உள்ளங்கையில் இருந்தது. விரல்களை மூடிக்கொண்டாள்.

"ஆமா."

அவன் கூடத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அத்தையின் குரல் அறைவரை கேட்டது.

"அப்படியா? இப்பல்லாம் கண்ணு எங்க சரியா தெரியுதுப்பா. நான்தான் ஊத்திட்டேன் போல. பாவம், எத்தனை நாள் வேலை கெட்டுச்சோ அவளுக்கு."

அத்தையே தொடர்ந்தார்.

"இப்ப நல்லா ஓடுதான்னு கேளுப்பா."

தணிகைவேல் போனோடு வந்து கதவருகே நின்றான்.

"அம்மா கேக்கறாங்க."

கை வியர்த்து, தாள் தோலோடு ஒட்டியிருந்தது.

"நல்லா ஓடுதுன்னு சொல்லு" என்றாள்.