இடது கால் கணக்கு

"ஒண்ணு விட்டு ஒண்ணு பொறுக்கறதுக்கா மேடம் அவ்வளவு பெரிய படிப்பு படிச்சீங்க?"

ஆஸ்பத்திரிக் கணினி முன் உட்கார்ந்திருந்த மனைவியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார் பஸ் டிரைவர். மூன்று மாதத்துக்கு முன் இடது கால் ஒடிந்ததிலிருந்து மனிதர் லீவில் இருக்கிறார். கால் ஒடிந்தவர்களுக்கு நடை பழக்கும் அந்த ஆஸ்பத்திரியில்தான் அவளுக்குப் புள்ளிவிவர வேலை.

"பேசாம உக்காருங்க. ஒரு எண் தவறினா வலது கால் இடது காலாயிடும்."

அவர் ஷூ ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மெல்லிய பட்டை. ஒவ்வோர் அடியும் எத்தனை கிலோ ஊன்றியது என்று இடது, வலது, இடது, வலது என ஒரே நீள வரிசையாக எழுதி வைக்கும். அவள் 'எடு, விடு' என்று இரண்டே கட்டளை தட்டினாள். கணினி அதையே கடைசி அடிவரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டு, இடது காலைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

இரண்டு காலும் சமமாக ஊன்றினால் டாக்டர் இன்றே வேலைக்குப் போகலாம் என்று சீட்டு எழுதிவிடுவார். நாளைக்கே தொலைதூர பஸ். அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தரம்தான் வீட்டில் தலைகாட்டுவார்.

அவள் திரையை மேலும் கீழும் உருட்டினாள்.

"என்னம்மா, ரெண்டு காலும் சமமா இருக்கா?"

"நேத்து சாயங்காலம் நாம நடந்தோமே... இடது கால் பாதிதான் ஊனுதுங்க."

"அடக் கடவுளே! நானும் என்னதான் பண்றது?"

"மனசைத் தளர விடாதீங்க. வாங்க, இன்னிக்கும் நடப்போம்."

பெருமூச்சு விட்டபடி அவள் தோளில் கை போட்டார். தாழ்வாரத்தில் நொண்டி நொண்டி இருபது அடி போயிருப்பார்கள். அவள் அவர் காதோடு சொன்னாள்:

"ஏங்க, ஒடிஞ்சது நீங்க நொண்டற இந்தக் கால் இல்ல. அந்தக் கால்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு... எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா. பட்டை நாள் முழுக்க எழுதுதுங்க. நான் வேலையில இருக்கறப்ப ரெண்டு காலும் ஜோரா மாடிப்படி ஏறுது. நான் வந்து தோள் குடுத்தா மட்டும் நொண்டுது."

அசடு வழியக் கையை எடுக்கப் போனார். அவள் விடவில்லை. இழுத்துத் தோளிலேயே வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். லீவு இன்னும் பத்து நாள் இருக்கு. அதோ டாக்டர் வர்றாரு, சரியான காலை நொண்டுங்க!"