கால்படாத இடம்

"சுத்துது! சுத்துது மேடம்!" என்று ஃபிட்டர் கிருஷ்ணபிரசாத் கத்தியதும் மாதங்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பின்னே? இரண்டு வருட உழைப்பாயிற்றே! சனத்நகர் பட்டறையில் அவள் செய்த டர்பைன், ஹைதராபாத்துக்கு வெளியே இந்தக் கால்வாயின் ஓட்டத்திலேயே மின்சாரம் எடுக்கப்போகிறது. பத்து மணிக்கு மின்வாரிய அதிகாரி வருகிறார். கரையில் கட்டிய நாற்பது பல்பும் எரிந்தால் ஆர்டர். எரியாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

அதனால் எதிலும் குறை வைக்கவில்லை. தேங்காய் உடைத்து, ஜரிகைக் குஞ்சம் வைத்த மாலையை டர்பைனுக்குப் போட்டுக் கும்பிட்டு, பிறகு அதைக் கழற்றிக் கால்படாத இடத்தில் சேர்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்கச் சொன்னாள்.

அதிகாரியின் கார் வந்து நின்றது. டர்பைனும் நின்றது.

மாதங்கி கரையோரம் ஓடிக் குனிந்து பார்த்தாள். தண்ணீரெல்லாம் சாமந்தியும் ஆவாரம்பூவும். நேற்று பதுகம்மா பண்டிகை. ஊர்ப் பெண்கள் தட்டில் பூவை அடுக்கி, பாடி ஆடி, இங்கேதான் விட்டிருந்தார்கள்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் தெலுங்கில் பொரிந்து தள்ளினாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பூவைப் போடாதீங்கன்னு! உங்க பக்தியில என் பொழைப்பு போச்சு!"

பெண்கள் துணியை அள்ளிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

கிருஷ்ணபிரசாத் டர்பைனை மேலே தூக்கி, குனிந்து என்னவோ செய்தான். ஐந்தே நிமிஷம்.

"அவங்கள திட்டாதீங்க மேடம். போல்ட்டை நான்தான் சரியா முறுக்கல."

"இந்த மாதிரி ஆளையெல்லாம் எப்படி வெச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!" என்று மாதங்கி சீறினாள்.

டர்பைன் மறுபடி இறங்கியது. சுற்றியது. நாற்பது பல்பும் பளீரென்று எரிந்தன! திட்டு வாங்கிய பெண்கள்கூடக் கைதட்டினார்கள்.

"ஆர்டர் உங்களுக்குத்தாம்மா!" என்று அதிகாரி கைகுலுக்கினார். மாதங்கிக்கு அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது.

கார் போன பிறகு கிருஷ்ணபிரசாத் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஈரமாக எதையோ எடுத்து நீட்டினான்.

"போல்ட்டெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு மேடம். இதுதான் சிக்கிக்கிச்சு. அவர் முன்னால எப்படிச் சொல்றது? பதுகம்மாவுக்குப் பூவை அடுக்கத்தான் செய்வாங்க. நூல்ல கட்ட மாட்டாங்க."

அவன் கையில் நைலான் நூல். அதன் நுனியில், காலையில் மாதங்கியே பயபக்தியோடு கால்வாயில் விட்ட மாலையின் ஜரிகைக் குஞ்சம்.