பேச்சு வேகம்

ஹால்வரை மேட்டுக் கூட்டத்திலிருந்து இறக்கி ஏரிக் கூட்டத்தில் போட்டுவிட்டார்கள்.

அதுவும் எல்லார் முன்னாலும்.

மாரடைப்பிலிருந்து தேறி வருபவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு விதப் பயிற்சி. மேட்டில் மூச்சு முட்ட ஏறி, கொஞ்சம் ஆறி, மறுபடி ஏறுவது ஒன்று. ஏரியைச் சுற்றி ஒரே சீராக, பேசிக்கொண்டே நடப்பது இன்னொன்று. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நடையைக் குறைக்க வேண்டும். அதற்குப் பெயரே பேச்சு வேகம்.

எது இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஹால்வருக்கு மட்டும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. மேடு ஆம்பிளைகளுக்கு, ஏரி கிழடுகளுக்கு.

பயிற்சி தரும் சில்யே, உடம்பு எவ்வளவு சிரமப்படுகிறது என்று ஆறிலிருந்து இருபதுக்குள் அடிக்கடி எண் கேட்பாள். ஆறு என்றால் சோபாவில் சாய்ந்து கிடப்பது. இருபது என்றால் வாழ்நாளிலேயே உடம்பு முறியப் பாடுபட்ட நேரம். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருக்கும்போதும் ஹால்வர் "பதின்மூணு" என்பார். போன வாரமும் அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு, கண் இருட்டி, ஈரப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்னை ஏமாத்துறது பெரிய காரியமில்ல ஹால்வர். உங்க நெஞ்சை என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் சில்யே.

மகள் வயது அவளுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

ஆனால் ஏரிக் கூட்டம் வேண்டவே வேண்டாம் என்று அவர் கெஞ்சியது வீறாப்பினால் மட்டுமில்லை. அங்கே தோரே இருந்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகருக்கு மேலே, காட்டுக்குள் போகும் பனிச்சறுக்குத் தடத்தில், ஹால்வருக்கு முன்னால் தோரே ஊர்ந்துகொண்டிருந்தார். பின்னால் வேகமாக வருபவர் "தடம்!" என்று ஒரு குரல் கொடுப்பதும், முன்னால் போகிறவர் ஒதுங்கிக்கொள்வதும் வழக்கம்தான். ஹால்வர் அதோடு விடவில்லை.

"தடம்! நடக்க முடியலைன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே, கிழமே!"

தோரே முழங்கால் ஆழப் பனியில் இறங்கி நின்று வழி விட்டார். ஹால்வர் தாண்டிப் போனார். அடுத்த திருப்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

கண் விழித்தது ஆஸ்பத்திரியில். தடத்தில் வந்த யாரோ நெஞ்சை அழுத்தி அழுத்தி உயிரைப் பிடித்து வைத்தார் என்றார்கள். அந்தக் கலவரத்தில் பெயரைக் கேட்டு வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பனிச்சறுக்கு மன்றத்தில் இருக்கிற வாலிபர்களையெல்லாம் ஹால்வர் விசாரித்துப் பார்த்துவிட்டார். இரும்புக் கை உள்ள எவனோ ஒருவன் என்பது அவர் நினைப்பு. விலா எலும்பு இரண்டு முறிந்திருந்ததே!

இப்போது ஏரிக்கரைத் தூறலில் தோரே கை நீட்டினார்.

"போன தடவைக்கு நன்றி."

நார்வேயில் மறுபடி சந்திக்கும் எவரும் எவருக்கும் சொல்வதுதான் இது. கல்யாணத்தில் பார்த்தவருக்கும் சொல்வார்கள், காபிக் கடையில் பார்த்தவருக்கும் சொல்வார்கள். பதிலுக்கு நாமும் ஒரு நன்றி சொன்னால் முடிந்தது.

ஆனால் அந்தப் போன தடவை!

செருப்பால் அடித்தது போலிருந்தது ஹால்வருக்கு. மனிதர் குத்திக் காட்டுகிறாரா, வாய்ப் பழக்கத்தில் சொல்கிறாரா? கையைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மன்னிப்புக் கேட்டுத் தொலைத்தால் என்ன என்று மனசு அடித்துக்கொண்டது. எப்படி ஆரம்பிப்பது?

"புதுசா வந்தவருக்காக எல்லாரும் ஒரு தடவை சொல்லுங்க," என்றாள் சில்யே. "உங்க இருபது எது?"

"என்னோடது நாலரை கிலோ," என்றாள் ரொட்டிக்கடை வைத்திருக்கும் யூரூன். "இப்ப அவனுக்குத் தாடி முளைச்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ஹால்வர் சிரிக்கவில்லை. அடுத்தது தோரேயின் முறை.

"எனக்கு இந்த பிப்ரவரிதான்," என்றார் தோரே. "அப்பவே நெஞ்சு பழுது. மெதுவா போகலாம், மூச்சு வாங்குற வேலை எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். தடத்துல ஒருத்தர் விழுந்து கிடந்தார். பக்கத்துல யாருமில்ல. பனி ஸ்கூட்டர் வர்ற வரைக்கும் நெஞ்சை அழுத்தினேன். மறுநாள் எனக்கே அடைச்சுக்கிச்சு."

"அடக் கடவுளே! அந்த ஆள் பிழைச்சாரா?" என்றாள் யூரூன்.

"பிழைச்சார், பிழைச்சார். ரெண்டு விலா எலும்பை உடைச்சுட்டேன். அந்தக் கோவமோ என்னமோ, பேச மாட்டேங்கிறார்."

சொன்னவர் யாரையும் பார்க்கவில்லை. ஏரியில் நீந்தும் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஹால்வரின் கை தானாக விலாவுக்குப் போயிற்று.

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மேட்டில்கூட அவருக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை.

சில்யே திரும்பிப் பார்த்தாள். "பேச்சு வரலையா ஹால்வர்? எல்லாரும் மெதுவா போவோம்."

அவருக்காகக் கூட்டம் முழுக்க நடையைக் குறைத்தது. அப்போதும் அவர் பின்தங்கினார். தோரே மட்டும் நின்று, அவர் வந்து சேரும் வரை காத்திருந்தார்.

"போன தடவைக்கு..." என்றார் ஹால்வர். "போன தடவைக்கு நன்றி." கண்ணும் மூக்கும் ஒழுகின. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

சில்யே பயந்துபோய் ஓடி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எண் என்ன, ஹால்வர்? உண்மையைச் சொல்லுங்க."

"இருபது," என்றார்.